சும்மா இருந்த நாற்பத்தொரு நிமிடங்கள்

பிப்ரவரி 9

மாமாவுக்கு,

போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். எடுத்தாலும் "சொல்லு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் அப்படியே நிற்கிறீர்கள். நான் சுவரோடு பேசிவிட்டு வைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கடிதம். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவனுக்குப் பேனா பிடிப்பது மறந்தே போயிற்று. எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா இறந்துபோய் மூன்று மாதம் ஆகிவிட்டது. அவள் எடுத்துவந்த ஆவணப் படத்தைப் பற்றி அவள் புருஷனான உங்களிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான் பேசாமல் இருந்தாலும் தேதி நெருங்குகிறது. செப்டம்பர் பதினான்குக்கு அரங்கத்தைப் பதிவு செய்தது அவளேதான். 'துருவக் கப்பல்' டிவி தொடர் பாதியில் நின்றுபோன தேதி அது. தொடரின் ரசிகர்களுக்கு, அதாவது கப்பல்காரர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அந்தக் கூட்டத்துக்கு, அறிவிப்பும் அவளே கொடுத்துவிட்டாள். தினமும் யாராவது ஒருவர் படம் வருமா வராதா என்று என்னைக் கேட்கிறார்.

உங்களுக்கு அந்தத் தொடர் என்றாலே கிண்டல்தான். தெர்மோகோலை உடைத்துப் போட்டுப் பனிக்கட்டி என்று காது குத்தினார்கள் என்பீர்கள். உண்மைதான். ஒரு கப்பல் பனியில் சிக்கிக்கொள்கிறது, பத்தொன்பதாவது வாரம் கேப்டன் சாகிறார், இருபதாவது வாரம் அதே நேரத்தில் சோப்புக் கம்பெனி நடத்திய வினாடி வினா. கப்பல் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கப்பல் கரை சேர்ந்திருக்குமா என்ற ஒரே கேள்வியை அக்கா முப்பது வருஷம் சுமந்தாள். ஆறு வருஷமாக லீவு போட்டுப் போட்டு, நடித்தவர்கள், விளக்குப் பிடித்தவர்கள், பார்த்து அழுதவர்கள் என்று நாற்பத்தொரு பேரைத் தேடிப்பிடித்து அதைக் கேட்டுவிட்டாள். பகலெல்லாம் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து வாயைத் திறக்கப் போகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்தவள், சாயங்காலமானால் தானே போய் வாயைத் திறக்க வைத்தாள்.

படம் முக்கால்வாசி என் கணினியில் இருக்கிறது. இரண்டு விஷயம் குறைகிறது. ஒன்று, கடைசியில் அக்கா தன் குரலில் பேச வேண்டிய ஒரு நிமிடம். அது ஏன் இல்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. இன்னொன்று, கேப்டனாக நடித்தவரின் சம்மதப் படிவம். மற்ற நாற்பது பேருடையதும் என்னிடம் இருக்கிறது. அவர் கையெழுத்து இல்லாமல் அவர் முகத்தைக் காட்ட முடியாது. அவள் அலமாரியில் நீலக் கோப்பு ஒன்று இருக்கும். கொஞ்சம் பாருங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

*

பிப்ரவரி 24

மாப்பிள்ளை,

கோப்பு இருந்தது. கேப்டனுடைய படிவமும் இருந்தது. முன்பக்கம் காலி. சம்மதிக்கிறேன் என்று அச்சடித்த வரிக்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லை. திருப்பினேன். பின்பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில், "அன்புத் தங்கைக்கு, என் கப்பலின் வாழ்த்துகள்" என்று எழுதி, வளைத்து வளைத்து ஒரு கையெழுத்து.

விஷயம் புரிகிறதா? படிவத்தையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, ஆட்டோகிராஃப் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தத் தாளை என் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. முன்பக்கத்தை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

இதற்குச் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. தாளைக் கோப்பில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பன்னிரண்டு மாடிக் கட்டடம், லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை என்று புகார். கேபின் மேல் ஏறி நின்று வேலை செய்தபோது விரலில் தகடு கிழித்திருக்கிறது. ரத்தம் சொட்டிக் கயிற்றில் வழிந்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வலிக்கவில்லை. பசியும் அப்படித்தான், வருவதே இல்லை. மணி பார்த்துச் சாப்பிடுகிறேன்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை எல்லாம் அவள் இதில் போட்டாள். நான் தடுக்கவில்லை. ஆனால் அவளே இல்லை, இனி யாருக்காக? படத்தை விட்டுவிடு என்பது என் யோசனை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன்னிடம் இருக்கும் நாற்பத்தொரு பதிவில் எங்கேயாவது அவள் பேசுகிறாளா? வீட்டில் எதுவும் இல்லை. போட்டோக்களில் எல்லாம் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறாள். போனில் குரல் செய்தி அனுப்பும் பழக்கமும் கிடையாது. அவள் அனுப்பியதைத் திறந்து பார்த்தால் "பால்", "தண்ணீர் வரவில்லை", "லேட்" என்று எழுத்தாகத்தான் இருக்கிறது.

மாமா

*

மார்ச் 8

மாமாவுக்கு,

இல்லை மாமா. எங்கேயும் இல்லை.

அந்தக் கடைசி நிமிடம் தவிர, கேள்வி கேட்கிறவள் குரல் படத்தில் வரக்கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். தன் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கும் என்பாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் கேள்விகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, பதில்களை மட்டும் எனக்கு அனுப்புவாள். வெட்டியதையாவது வைத்திரு அக்கா என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். டிஸ்கில் இடம் இல்லை, என் குரலை வைத்து என்ன ஊறுகாயா போடுவது என்று கேட்டாள்.

அதனால்தான் கேமராவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எழுதமாட்டேன் என்றேன், எழுதிவிடுகிறேன். என்னை வரச் சொன்னது அவள். "கேமராவோடு வா, கடைசி நிமிடத்தை முடித்துவிடலாம்" என்று அவள் அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இது என்ன ஷூட்டிங் நடக்கிற எடமா? எடுத்துட்டு வெளிய போடா" என்றீர்கள். நர்ஸ்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருஷத்தில் நீங்கள் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. நான் ஸ்டாண்டை மடிப்பதற்குள் கதவைச் சாத்தினீர்கள். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது அவள் குரல் இருக்கிறதா என்று என்னிடமே கேட்கிறீர்கள்.

விட்டுவிடச் சொன்னீர்கள். மாட்டேன். கேப்டன் உங்கள் ஊரில்தான் சலவைக் கடை வைத்திருக்கிறார், பெரிய கடிகாரம் இருக்கிற கடைத்தெருவில். புதுப் படிவம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு கையெழுத்து. எனக்காக வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளை

*

ஏப்ரல் 2

மாப்பிள்ளை,

போனேன். சும்மா போய் நிற்க ஒரு மாதிரியாக இருந்ததால் இரண்டு சட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன்.

நீளமான கடை. இரண்டு பக்கமும் கம்பியில் துணிகள் பாலிதீன் உறை போட்டுத் தொங்குகின்றன. பின்னால் நீராவி பாய்லர் உஸ்ஸென்று இருக்கிறது. வால்வு ஒன்று ஒழுகுகிறது, சத்தத்திலேயே தெரிந்தது. கேப்டன் மேசைக்குப் பின்னால் நின்று கோட்டு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். தொப்பி இல்லாவிட்டால் கேப்டன் என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டார்கள்.

யார் என்று சொன்னேன். அவள் போனது அவருக்குத் தெரியாது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அன்னைக்கு அந்தம்மா வயிறு கத்திக்கிட்டே இருந்துச்சு. பிஸ்கட் குடுத்தேன், வாங்கலை. மெல்லுற சத்தம் மைக்ல விழும்னாங்க" என்றார்.

டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புவேன். அப்படியே திரும்பி வரும். அதற்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமா?

கையெழுத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தார். அவர் சாகிற காட்சி படத்தில் முழுசாக வர வேண்டும். அது ஒளிபரப்பான அன்று அவர் வீட்டில் யாரும் பார்க்கவில்லையாம், மறுபடி போடுவார்கள் என்று இருந்துவிட்டார்களாம். அப்புறம் யாரும் போடவே இல்லை. வரும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். படம் வந்த அன்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்றார், அப்படியானால் காரியம் கெட்டுவிடுமே என்றேன். சரி, அந்தக் காட்சியை ஒட்டிவிட்டேன் என்று உங்கள் மச்சான் ஒரு வரி எழுதட்டும், போட்டுத் தருகிறேன் என்றார். எழுதி அனுப்பு.

உன் கடிதத்துக்குப் பதில். அவள்தான் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். நீ வந்ததும் ஜன்னல் திரையை விலக்கினாய். வெளிச்சம் அவள் கண்ணில் அடித்தது. அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு என்றாய். அவள் திரும்பினாள். மூக்கில் குழாயை வைத்துக்கொண்டு அவள் எப்படித் திரும்பினாள் என்று நீ கேமரா வழியாகப் பார்த்தாய், நான் நேரில் பார்த்தேன். உன்னைத் திட்டியதற்கு வருத்தப்பட வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன். வருத்தமும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

மாமா

*

மே 20

மாமாவுக்கு,

திரையை நகர்த்தியது எனக்கு நினைவே இல்லை. நீங்கள் எழுதிய பிறகு நினைவு வந்தது. வேலைப் பழக்கம், கை தானாகப் போயிருக்கிறது. அதைப் பற்றி வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் ஒரு மாதம் எழுதவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு வக்கீல் நோட்டீஸ். தொடரின் உரிமை போன வருஷம் கைமாறியிருக்கிறது. தொடர்க் காட்சிகளைக் கொஞ்சம் கொஞ்சம் காட்டிக்கொள்ளுங்கள் என்று பழைய மேலாளர் அக்காவிடம் போனில் சொன்னது வாய் வார்த்தை. அவள் அதை டைரியில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள், நாமும் நம்பினோம். புதியவர்கள் ஒரு விநாடிகூடக் கூடாது என்கிறார்கள். முகப்பு இசைகூட வரக்கூடாதாம். மொத்தம் பதினோரு இடம், இருபத்து மூன்று நிமிடம். அதையெல்லாம் எடுத்துவிட்டால் இது எலி கடித்த துணி. கேப்டன் சாகிற ஐம்பத்திரண்டு விநாடியும் அதில் போகிறது. அவருக்கு நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரு வரி எழுதுவது?

கப்பல்காரர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். பாதிப் பேர் ஆறுதல் சொன்னார்கள். ஒருவர், செத்தவர் பேரைச் சொல்லி ஊரை ஏமாற்றுகிறான் என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதிவிட்டார். அவர் அக்கா பேட்டி எடுத்த நாற்பத்தொரு பேரில் ஒருவர். அவர் பேசியதை நான் எத்தனை நாள் உட்கார்ந்து சீர் செய்திருப்பேன்.

நீங்கள் பிப்ரவரியிலேயே சொன்னீர்கள். சரி, விட்டுவிடுவோம் மாமா. என்னால் முடியவில்லை. அரங்கத்துக்காரர்களிடம் நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

*

ஜூன் 3

மாப்பிள்ளை,

அரங்கத்துக்கு நான் போன் போடவில்லை.

லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் முதலில் கத்துவார்கள், அப்புறம் ஓய்ந்துவிடுவார்கள். அவர்கள் ஓய்ந்ததும் நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. மோட்டார் அறைக்குப் போய்க் கையாலேயே பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றி, கிட்டே இருக்கிற மாடியில் இறக்கிவிட வேண்டும். அவர்கள் போக நினைத்த மாடியாக அது இருக்காது. வெளியே வந்தால் போதும். விட்டுவிடு என்று நான் சொன்னபோது இதை யோசிக்கவில்லை.

காட்சியைத்தானே காட்டக்கூடாது? இருட்டைக் காட்டு. எந்தக் காட்சி எத்தனை விநாடியோ அத்தனை விநாடி கறுப்பாக விடு. அனுமதி இல்லை என்று ஒரு வரி போடு. இருட்டு யாருக்கும் சொந்தமில்லை, அதற்கு நோட்டீஸ் வராது.

கேப்டனிடம் நானே போய்ச் சொன்னேன். இந்தத் தடவை மூன்று சட்டை. வாக்குக் கொடுத்தவன் போய் நிற்பது எனக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், எதுவும் இல்லாமல்தான் நின்றேன். முழுவதையும் கேட்டுக்கொண்டே ஒரு காலரைத் தேய்த்து முடித்தார். "அப்ப நான் இருட்டுலயே சாகணும். எத்தனை செகண்டு?" என்றார். ஐம்பத்திரண்டு என்றேன். "குறைக்காம இருந்தாச் சரி" என்று படிவத்தை வாங்கினார். முன்பக்கத்தை நானே விரல் வைத்துக் காட்டினேன். போட்டுக் கொடுத்துவிட்டார். இத்துடன் இருக்கிறது.

மாமா

*

ஜூன் 19

மாமாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்தேன். இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

நீங்கள் சொன்ன மாதிரி கறுப்பை வைத்தேன். ஒன்று இடிக்கிறது. கறுப்புத் திரை, சத்தமும் சுத்தமாக இல்லை என்றால், ஸ்பீக்கர் போய்விட்டது என்று ஜனங்கள் எழுந்துவிடுவார்கள். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டு. பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் உட்கார வைத்து, அந்த அறையை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்வோம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு இரைச்சல் இருக்கும், மின்விசிறி, தெரு, குழாய் என்று. பேச்சை வெட்டி ஒட்டின இடம் தெரியாமல் இருக்க அதைப் போட்டு நிரப்புவோம். அக்கா இதில் கறார். நாற்பத்தொரு அறையிலும் ஒரு நிமிடம் உட்கார வைத்திருக்கிறாள். கறுப்புக்கு அடியில் அந்தந்த அறையின் நிமிடத்தைப் போட்டால் சரியாக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், என்னிடம் இருக்கும் நகலை எல்லாம் நான் இரைச்சல் நீக்கும் கருவியில் போட்டுத் துடைத்துவிட்டேன். போட்டதோடு நிற்காமல் துடைத்ததையே பழையதன் மேல் சேமித்தும் விட்டேன். கல்யாண வேலைப் பழக்கம், திட்டாதீர்கள். இப்போது அதைப் போட்டால் தண்ணீருக்குள் தலையை அமுக்கின மாதிரி இருக்கிறது.

அசல் உங்கள் வீட்டில் இருக்கிறது. அலமாரியில் கறுப்பு டிஸ்க், மேலே பல் ஆஸ்பத்திரி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாள். அதைக் கணினியில் செருகினால் 'சும்மா' என்று ஒரு கோப்புறை. அக்கா வைத்த பேர்தான். உள்ளே நாற்பத்தொன்று இருக்கும். அப்படியே நகல் எடுத்துக் கூரியரில் போடுங்கள், அது போதும். நீங்கள் எதையும் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. கேட்க ஒன்றும் இருக்காது.

உங்கள் மாப்பிள்ளை

*

ஜூலை 11

மாப்பிள்ளை,

கேட்டேன். நாற்பத்தொன்றையும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, மதியம் வரை வேறு வேலை இல்லை. அவளுடைய ஹெட்போன் அவள் தலை அளவுக்கே இருந்தது, அதைத் தளர்த்தாமல் மாட்டிக்கொண்டேன்.

மெஷின் சத்தம் கேட்டே பிழைக்கிறவன் நான். ஏழாவதில் ட்யூப்லைட் சோக் இரைகிறது. பன்னிரண்டில் ஃபிரிட்ஜ், கம்ப்ரசர் அதிக நாள் தாங்காது. பதினாறில் யாரோ மாடியில் நாற்காலியை இழுக்கிறார்கள். பதினேழுக்கு வந்ததும் அந்த வால்வு ஒழுகும் சத்தத்தை வைத்தே கேப்டன் கடை என்று கண்டுபிடித்துவிட்டேன். பாய்லர் சத்தத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. கீழிருந்து கிளம்பி, உருண்டு, மேலே வந்து நிற்கிறது. சாக்கடைக் குழாய் என்று முதலில் நினைத்தேன். திரும்பப் போட்டேன்.

அது அவள் வயிறு.

பதினோரு வருஷம் பக்கத்தில் படுத்தவனுக்குத் தெரியாதா? முதலில் சின்னதாக ஒரு கேள்வி கேட்கிற மாதிரி வரும், பிறகு பெரிதாக வரும். பதினெட்டில் இருக்கிறது, இருபத்து மூன்றில் இரண்டு தடவை இருக்கிறது. அதில் வயிறு கத்தி முடித்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூக்கால் விடுகிற மூச்சும் விழுந்திருக்கிறது. குரலைத் தேடித் தேடி வெட்டினாளே, இதை வெட்டத் தோன்றவில்லை. இவற்றில் யாரும் பேசவில்லை அல்லவா, அதனால் திறந்தே பார்த்திருக்கமாட்டாள்.

நான் கட்டிக் கொடுத்த டப்பா அப்போது அவள் பைக்குள்தான் இருந்திருக்கும். திறந்து நாலு வாய் சாப்பிட்டிருந்தால் இந்தச் சத்தம் விழுந்திருக்காது. பதினேழை ஒன்பது தடவை கேட்டேன்.

ஆஸ்பத்திரி விஷயம் எழுதுகிறேன் என்றேன். ஜன்னல் திரை மட்டும் காரணம் இல்லை. அவளிடம் மூச்சு கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அதையும் தெர்மோகோல் கப்பலுக்குச் செலவு செய்யப் போகிறாளே, எனக்கென்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எரிந்தது. பொறாமைதான், வேறு ஒன்றும் இல்லை. நீ போன பிறகும் அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லியிருக்க வேண்டியது உனக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. தப்பு என்னுடையது.

டிஸ்கை அனுப்புகிறேன். எதையும் துடைக்காதே.

மாமா

*

ஆகஸ்ட் 25

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதற்குப் பதில் எழுத வரவில்லை. எழுதாவிட்டாலும் பதில் உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நானும் கேமராவை ஆன் செய்வதற்கு முன்னால் அவள் கையைப் பிடித்திருக்கலாம்.

அந்தச் சத்தம் எனக்குப் புதிது இல்லை. ஆறு வருஷமாக ஒவ்வொரு பேட்டியிலும் அது விழும். அக்கா, சாப்பிட்டுத் தொலைத்துவிட்டுப் போயேன் என்று இங்கே தனியாக உட்கார்ந்து திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் துடைப்பேன். சுத்தமாகச் செய்தேன் என்று பெருமை வேறு. நான் துடைத்தது அவளைத்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

பதினோரு கறுப்புக்கும் பதினோரு நிமிடத்தை எடுத்துப் போட்டேன், நீளமான காட்சிக்கு அதையே திரும்பத் திரும்ப ஒட்டினேன். எதையும் துடைக்கவில்லை. கேப்டன் சாவுக்குப் பதினேழாவது, அவர் கடையிலேயே சாகட்டும். முடிவுரை இல்லை. நாற்பத்தொன்றாவது ஆள் பதில் சொன்னதும் படம் நின்றுவிடுகிறது, தொடர் நின்ற மாதிரி. இதற்கு மேல் எனக்கு வராது.

படத்தை இத்துடன் அனுப்புகிறேன். அரங்கத்துக்காரரிடம் முந்தின நாளே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான் வருவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வா என்று ஒரு வார்த்தை எழுதினால் வருகிறேன். எழுதாவிட்டால் கோபம் இல்லை.

உங்கள் மாப்பிள்ளை

*

செப்டம்பர் 16

மாப்பிள்ளை,

முதலில் இத்துடன் இருக்கும் கார்டைப் பார். 'வா' என்று எழுதியிருக்கிறது. இதை எழுதியது ஆகஸ்ட் முப்பதாம் தேதி. தபாலில் போடச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன், வைத்ததையே மறந்துவிட்டேன். சட்டை சலவைக்குப் போய்விட்டது. அரங்க வாசலில் வைத்துக் கேப்டன் இதை என் கையில் கொடுத்தார். "தபால்பெட்டில போட வேண்டியதை என் கடையில போட்டுட்டீங்க" என்றார். தண்ணீரில் நனைந்து காய்ந்ததை அவரே இஸ்திரி போட்டு எடுத்து வந்திருக்கிறார். நீ வராதது என்னால்தான். உனக்கென்று என் பக்கத்தில் ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தேன். கூட்டம் வந்ததும் யாரோ ஒரு அம்மா அதில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

அறுபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். உன்னை ஏமாற்றுக்காரன் என்று எழுதியவரும் வந்து மூலையில் நின்றார். முதல் கறுப்பு வந்ததும் எல்லோரும் திரும்பி புரொஜெக்டரைப் பார்த்தார்கள். இரண்டாவதில் கொஞ்சம் முணுமுணுப்பு. மூன்றாவதில் பின்வரிசையில் ஒருவர் அந்தக் காட்சியின் வசனத்தை மெதுவாகச் சொன்னார், இன்னொருவர் அதற்குப் பதில் வசனத்தைச் சொன்னார். அப்புறம் ஒவ்வொரு கறுப்புக்கும் இருட்டில் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு போனார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய வசனத்தை ஒரு எழுத்து விடாமல் வைத்திருக்கிறார்கள். இவர்களைப் பற்றி நான் உன் அக்காவிடம் என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கேப்டன் சாவு வந்தது. அதற்கு மட்டும் யாரும் வசனம் சொல்லவில்லை. அவர் முன்வரிசையில் இருக்கிறார், அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள் போல. அவரும் வாயைத் திறக்கவில்லை. பாய்லர் மட்டும் உஸ்ஸென்று இருந்தது. எனக்கு எந்த விநாடி என்று தெரியும், கையைக் கட்டிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

வந்தது. ஹெட்போனில் கேட்டதுபோல இல்லை. இரண்டு பெரிய ஸ்பீக்கரில், முதலில் அந்தச் சின்னக் கேள்வி, பிறகு அரங்கம் முழுக்க உருண்டது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், அறுபத்து மூன்று பேருக்கும் அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. கேப்டனின் தோளும் குலுங்கியது.

பக்கத்து நாற்காலி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, "யாருக்கோ நல்ல பசி போல" என்றார்.

"என் வீட்டுக்காரிக்கு" என்றேன்.

அவர் எனக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். இருட்டில் என்ன தெரிந்ததோ, கைப்பையைத் திறந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார். "பாவம், குடுங்க அவங்களுக்கு" என்றார்.

வாங்கிக்கொண்டேன். பிரித்தேன். திரையில் வெளிச்சம் வந்து, அடுத்த ஆள் கப்பலைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் பொட்டலம் முழுவதையும் நானே தின்றுவிட்டேன், மாப்பிள்ளை. எனக்குப் பசித்தது.

மாமா